வாய்க்காலில் அலசிய சட்டை

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் துணிப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பழைய துணி வியாபாரமா?" என்று கேட்டார்.

உள்ளே ஒரு ஆண் சட்டை, பாதியாகக் கிழித்த கைலி, மலாய்ப் பெண்கள் தலையில் கட்டும் முக்காடு, சீக்கியத் தலைப்பாகையிலிருந்து வெட்டிய நீளத் துண்டு, ஒரு ரவிக்கை, காது உடைந்த மூக்குக்கண்ணாடி, கைக்கடிகார வார் என்று கலந்துகட்டி இருந்தன. "எல்லாம் இறந்துபோனவங்களோடது சார்" என்றேன். அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒவ்வொன்றையும் தானே மடித்து உள்ளே வைத்தார். "பத்திரமா கொண்டு போங்கம்மா" என்றார். தமிழ்நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அதுதான்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து மருத்துவமனை ஒன்றில் தாதி. இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அனுப்பப்படுகிறவர்களின் வார்டு எங்களுடையது. அங்கே ஒரு நீளச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் டாக்டரம்மா பினாங்கில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, ஆற்று மண்ணும் வைக்கோலும் பழைய புடவை நூலும் பித்தளைத் தூளும் சேர்த்துச் செய்த ஒரு பெரிய பலகையின் முன்னால் நின்றுவிட்டு நகர முடியாமல் தவித்தாராம். செய்தவர் தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில் இருக்கும் சபீனா. எங்கள் சுவருக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டோம். வார்டில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் சொன்னபோது, அவர்களே ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். தபாலில் மட்டும் அனுப்பக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். வார்டில் வேலை பார்ப்பவர்களில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். விடுப்பும் மிச்சம் இருந்தது.

சட்டையைக் கொடுத்தவர் லிம் ஆன்ட்டி. அவர் கணவர் ஈப்போவில் டாக்சி ஓட்டியவர். எங்களிடம் வந்து, பேச்சு நின்று, ஒரு மழை நாளில் போனார். சட்டையை என் கையில் வைக்கும்போது லிம் ஆன்ட்டி மலாயில் ஒன்றுதான் சொன்னார்: "துவைத்துவிடாதே. அவர் வாசனை இதில் இருக்கிறது."

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து அய்யம்பேட்டை, இரண்டும் பஸ்தான். ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலை வந்து கண்ணை மறிக்கும். இங்கே கண்ணுக்குத் தடையே இல்லை. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என் புடவைக் கட்டைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"எந்த ஊரு?"

"ஈப்போ. மலேசியா."

"அது சரி. சொந்த ஊரு?"

"தெரியலைம்மா. தாத்தா எந்த ஊர்லேர்ந்து கப்பல் ஏறினார்னு வீட்ல யாருக்கும் தெரியாது."

அவர் என்னை அநாதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மடியிலிருந்த வெள்ளரிப் பிஞ்சை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். "தின்னுங்க. எங்க ஊருன்னு வச்சுக்குங்க" என்றார். அந்த வெள்ளரிப் பிஞ்சின் குளிர்ச்சிக்கு ஈப்போவில் எதையும் ஈடு சொல்ல முடியாது.

சபீனாவுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். கணவர் கத்தாரில் வேலை. வீட்டில் இவரும் மாமியாரும். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு நான் ஒரு பெண் சாமியாரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்து கதவைத் திறந்தவரின் முழங்கை வரை சேறு, முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க. கை குடுக்க முடியாது, பாருங்க" என்று சிரித்தார்.

மாமியார் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "வந்தவங்களை உள்ள கூப்புடு. சேத்துல விளையாடுனது போதும்."

அன்று மதியம் நெய்ச்சோறும் தால்ச்சாவும். எங்கள் ஊரில் நாசி மின்யாக் என்று நெய்ச்சோறு கிடைக்கும். இருந்தாலும் கத்திரிக்காயும் மாங்காயும் கறியும் பருப்பில் கரைந்து கிடக்கிற அந்தத் தால்ச்சாவுக்கு முன்னால் எங்களுடையது தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். மாமி என் தட்டில் சோறு குறையவே விடவில்லை. "இன்னும் வைங்க" என்று சொல்வதற்கு முன்பே வைத்துவிடுகிறவர்.

வேலை செய்கிற இடம் மாடியில். ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. தூரத்தில் குடமுருட்டி ஆற்றங்கரை மூங்கில்கள் தெரியும். தரையில் எங்கள் சுவருக்கான பலகை படுத்திருந்தது. அதன் மேல் ஆற்று வண்டலைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து ஒரு பூச்சு மட்டும் பூசியிருந்தார். வேறொன்றும் இல்லை.

"வரைபடம் எங்கம்மா?" என்று கேட்டேன். நான் கிளம்பும்போதே எங்கள் மேட்ரன் வரைபடத்தை அனுப்பச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து ஒப்புதல் தர மருத்துவமனையில் ஒரு குழுவே காத்திருந்தது.

"வரையறதில்லக்கா."

"அப்புறம் எப்படி? எந்தத் துணி எங்க வரும், என்ன நிறம், எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு இங்க வந்து உக்காருவேன். நிய்யத் வச்சுப்பேன், யாருக்காக இது, எதுக்காக இதுன்னு. அவ்வளவுதான் என் வேலை. அப்புறம் கை போகும். போகலைன்னா எந்திரிச்சுப் போயி மாமிக்கு வெங்காயம் உரிச்சுக் குடுப்பேன்."

நிய்யத் என்பது மனத்துக்குள் வைக்கிற எண்ணம், தொழுகைக்கு முன்னாலும் நோன்புக்கு முன்னாலும் வைப்பது என்று அவரே விளக்கினார். நான் தலையாட்டினேன். மனத்துக்குள் மேட்ரனுக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் ஓடியது. சேறு பூசிய பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். "இது எந்தக் கட்டம்?" என்று பதில் வந்தது.

மறுநாள் விடிகாலையில் நானும் கூட உட்கார்ந்தேன். பையிலிருந்தவற்றைச் சபீனா ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார், வைத்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. மூங்கிலில் குருவிகள் கத்த ஆரம்பித்து, ஓய்ந்து, வெயில் மாடிக்குள் வந்த பிறகும் அவர் கை பலகையைத் தொடவில்லை. கடைசியில் எழுந்தார்.

"வரலைக்கா. ஏதோ ஒண்ணு தடுக்குது. இதெல்லாம் இன்னும் அவங்கவங்க வீட்லயே இருக்குது, இங்க வந்து சேரலை."

எனக்கு அது விளங்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் எரிச்சல். நான் சொட்டு மருந்தை எண்ணிக் கொடுக்கிறவள். மணி பார்த்து வேலை செய்கிறவள். அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சபீனா கேட்டார்: "அக்கா, உங்க வார்டுல ஒருத்தங்க போகப்போறாங்கன்னு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். சில நாள் அறைக்குள்ள நுழைஞ்சதுமே தெரியும். நாடி, ரத்த அழுத்தம், அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் வீட்டுக்குப் போன் பண்ணி, வந்துடுங்கன்னு சொல்லிடுவேன்."

"எப்படித் தெரியுது?"

யோசித்தேன். சபீனா சிரித்துக்கொண்டே வெங்காயம் உரிக்கக் கீழே போனார்.

மூன்றாம் நாள், கொஞ்சம் வெளியே போய் வரலாம் என்று என்னைக் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனார். பாத்திரப் பட்டறையில் பித்தளைத் தூள் வாங்க வேண்டும். அப்படியே தாராசுரத்தில் பட்டு நெய்கிறவர்களிடம் அறுந்த நூலும் வாங்க வேண்டும். "பையை வீட்ல வச்சுட்டு வாங்கக்கா" என்று சொல்லத்தான் செய்தார். நான் கேட்கவில்லை. ஈப்போவிலிருந்து தோளைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தவள். இங்கே மட்டும் விடுவேனா?

கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று தந்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் பட்டை சோம்பு வாசனையோடு குழைந்து வருவது. பெயரைக் கேட்டால் கடப்பாக் கல் விற்கிற கடை நினைவு வருகிறது, வாயில் போட்டால் கரைகிறது. அதன் பிறகு பித்தளை டபராவில் காபி. ஈப்போக்காரி நான், எங்கள் ஊர் வெள்ளைக் காபிக்காகச் சண்டை போடுகிறவள். அன்று சண்டைக்குப் போகவில்லை. இன்னொரு டபரா கேட்டேன்.

பித்தளைத் தூளை வாங்கிக்கொண்டு, அந்த மயக்கத்தோடுதான் தாராசுரத்துக்கு டவுன் பஸ் ஏறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், அறிமுகமெல்லாம் தேவையில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "குடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினார். என்ன அன்பான ஊர் என்று வியந்துகொண்டே கொடுத்தேன். கண்டக்டர் "தாராசுரம் எறங்கு, தாராசுரம் எறங்கு" என்று கத்தினார். பின்னாலிருந்து ஒரு தள்ளு. நானும் சபீனாவும் கீழே நின்றோம். பஸ் போய்விட்டது. உலகமே வந்து பார்க்கிற கோயில் எதிரே நின்றது. அதை நிமிர்ந்து பார்த்தபடி தோளைத் தொட்டேன். தோளில் ஒன்றுமில்லை.

அந்தக் கோயிலைப் பற்றி என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது. நான் எதையும் பார்க்கவில்லை.

ஆட்டோ பிடித்துப் பஸ்ஸைத் துரத்தினோம். பட்டீஸ்வரம் சாலையில் வாத்துக் கூட்டம் ஒன்று ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குக் குறுக்கே நடந்துகொண்டிருந்தது. வாத்துகளுக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவை நின்று திரும்பிப் பார்த்தன. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸைப் பிடித்தபோது அது காலியாகத் திரும்பி நின்றது. கண்டக்டருக்கு அந்தப் பெண் நினைவிருந்தது. "தினமும் வர்ற டீச்சர்மா அது. எங்க எறங்குச்சுன்னுதான் இன்னைக்குக் கவனிக்கலை. காலையில வண்டிக்கு வரும், நான் கேட்டுச் சொல்றேன்" என்று சபீனாவின் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கயும் போவாதும்மா. மடியில வாங்குன பையி" என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலை போன் வந்தது. டீச்சரே பேசினார். பெயர் கனிமொழி, கணக்கு டீச்சர். "ஜன்னல் வழியா எவ்வளவோ கத்துனேங்க, உங்களுக்குக் கேக்கலை. பை எங்க வீட்ல பத்திரமா இருக்கு. நான் ஸ்கூலுக்கு வந்துட்டேன், அம்மா இருக்காங்க. போய் வாங்கிக்கங்க" என்று வழி சொன்னார். நான் தொலைபேசியிலேயே அவரைக் கும்பிட்டேன்.

பட்டீஸ்வரம் தாண்டி, வாய்க்காலை ஒட்டியே போகிற பாதையில் அவர்கள் ஊர். கனிமொழியின் அம்மா வசந்தா வாசலிலேயே காத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவர் கனிமொழி என்பதையும், ஒரு காலத்தில் தாங்கள் கூலிக்கு நட்ட வயலில் ஒரு பகுதியை இப்போது சொந்தமாக வாங்கிச் சம்பா போட்டிருப்பதையும் நாங்கள் உட்காருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். உள்ளே விரால் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை. எங்களுக்காகத்தான்.

"பை எங்கம்மா?" என்றேன்.

"கொல்லையில இருக்குது, வாங்க. எல்லாம் நல்லாக் காஞ்சிருக்கும் இப்ப."

கொல்லையில் கயிற்றுக்கொடியில் எல்லாம் தொங்கின. தலைப்பாகைத் துணி, முக்காடு, கைலி, ரவிக்கை. எங்கள் வார்டில் இருந்த தாடிக்காரச் சிங் தாத்தாவின் தலைப்பாகைத் துணி காற்றில் பெரிய கொடிபோல அசைந்தது. இடம் போதாமல் லிம் ஆன்ட்டியின் சட்டையை வைக்கோல் போரின் மேல் கைகளை விரித்துப் போட்டிருந்தார்.

"ஒரே ஆஸ்பத்திரி வாடை அடிச்சுதும்மா. யாரோ எவரோ, அழுக்கோடவா திருப்பிக் குடுக்குறதுன்னு விடியக்காலையில வாய்க்கால்ல போட்டு அலசிட்டேன். சோப்பு கம்மியாத்தான் போட்டேன். சாயம் ஒண்ணும் போவலை, பாத்துக்குங்க."

நான் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் வாசனை. வைக்கோல் வாசனை. வேறு எதுவும் இல்லை.

அப்போது நான் நடந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். கத்தவில்லை. அது இன்னும் மோசம். ஒவ்வொரு துணியையும் வாங்கி மடித்துப் பையில் போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை, நன்றி சொல்லவில்லை. "சாப்புட்டுப் போங்க" என்றதற்கும் பதில் சொல்லவில்லை. சபீனாதான் அவரை ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். பின்னால், "அய்யோ, தெரியாம பண்ணிட்டனே தாயி" என்ற குரல் கேட்டது. நான் திரும்பாமல் ஆட்டோவில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில், அய்யம்பேட்டை நெருங்கும்போது சபீனா, "சட்டை குடுத்த அந்தம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்கக்கா. வச்சிருக்க வச்சிருக்க கனம்" என்றார்.

சாயங்காலம் பண்ணினேன். ஈப்போவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். லிம் ஆன்ட்டி எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: சட்டையைத் தொலைத்தது நான், கண்டெடுத்தவர்கள் துவைத்துவிட்டார்கள், வாசனை போய்விட்டது, மன்னிக்க வேண்டும்.

லிம் ஆன்ட்டி மெதுவாகப் பேசினார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "உன்னிடம் பொய் சொன்னேன். அவர் வாசனை அதில் இல்லை. முதல் மாதம் இருந்தது. தினமும் முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். தூங்கித் தூங்கி அது என் வாசனையாகிவிட்டது. தைலமும் கண்ணீரும்தான் அடித்தது. அது பொறுக்காமல்தான் உன்னிடம் கொடுத்தேன். அதை என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "எந்தத் தண்ணீரில் துவைத்தார்கள்?"

"ஆற்றுத் தண்ணீர், ஆன்ட்டி. காவிரியிலிருந்து வாய்க்காலில் வருகிறது."

"துவைத்தது யார்?"

"ஒரு அம்மா. உங்கள் வயதிருக்கும். வைக்கோல் மேல் விரித்துக் காயப்போட்டிருந்தார்."

"நன்றாகக் காய்ந்ததா?"

"காய்ந்தது."

"அப்படியானால் சரி. என்னால்தான் அதைத் துவைக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொன்னேன் என்று சொல்." அதன் பிறகு அங்கே மழையா, இங்கே வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மாடியில் சபீனா காத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காலரின் மடிப்பில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும்க்கா" என்று என் கையை விலக்கினார். அவ்வளவு நேரம் ஓதிக்கொண்டிருந்த உதடு நின்றுவிட்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் தனியாகப் பஸ் ஏறி வசந்தாம்மா வீட்டுக்குப் போனேன். வழியில் ஒரு சீப்புப் பூவன் பழம் வாங்கினேன்; வேறென்ன வாங்குவதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கும்பிடப் போனார். அதற்குள் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். லிம் ஆன்ட்டி சொன்னதை அப்படியே சொன்னேன். நேற்று நடந்துகொண்டதற்கு வருத்தமும் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராத்திரி முழுக்கத் தூங்கலைம்மா நானு. கனியும் திட்டிப்புட்டா. அந்தம்மா நல்லாருக்கணும்." பிறகு அடுப்படியைக் காட்டி, "நேத்து வச்ச கொழம்பு அப்படியே இருக்குது. யாருக்கும் சாப்புட மனசு வரலை. விராலு மறுநாத்தான் ருசி. ஒக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மூன்று முறை சோறு வாங்கினேன். "சொந்த ஊரு எது?" என்று இவரும் கேட்டார். "உங்க ஊர்தான் லா" என்றேன். எங்கள் மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'லா'வுக்கு அவர் வெகுநேரம் சிரித்தார்.

அய்யம்பேட்டைக்குத் திரும்பியபோது மாமி வாசலிலேயே வாயில் விரல் வைத்தார். "சத்தம் போடாம ஏறுங்க. காலையிலேர்ந்து எறங்கலை. வெங்காயத்தை நானே உரிச்சுக்கிட்டேன்."

மேலே சபீனாவின் கை போய்க்கொண்டிருந்தது. அதைச் சரியாகச் சொல்ல எனக்கு வராது. ஈர வண்டலில் தலைப்பாகைத் துணியைப் பதித்தார். அது நீளமாக, வளைந்து, தண்ணீர் ஓடுகிற தடம்போல விழுந்தது. மேலே கஞ்சிப்பசை. ரவிக்கையை நூல் நூலாகப் பிரித்துத் பிறகு ஆள் விட்டு வரவழைத்திருந்த தாராசுரத்துப் பட்டு நூலோடு சேர்த்து நட்டார். ஆமாம், நாற்று நடுவதுபோல நட்டார். முக்காட்டின் பச்சை ஓரிடத்தில் லேசாகத் தெரிந்தது, இன்னோரிடத்தில் மண்ணுக்குள் போனது. மூக்குக்கண்ணாடியை எங்கெங்கோ வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நேராக ஓரிடத்தில் கொண்டுபோய் அழுத்தினார். இடையிடையே பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கை கழுவித் தொழுதுவிட்டு வருவார். விட்ட இடத்திலிருந்து கை தொடரும்.

"அக்கா, இப்படி வாங்க. சட்டையை நீங்க வைங்க."

"நானா? எங்க வைக்கணும்?"

"கேக்காதீங்க. வைங்க."

நான் பலகைக்கு முன்னால் மண்டியிட்டேன். பிறகு, நோயாளியின் நெற்றியில் கை வைக்கும்போது செய்வதைச் செய்தேன். ஒன்றும் யோசிக்காமல் மூச்சை விட்டேன். கை போய் ஓரிடத்தில் நின்றது. சட்டையை விரித்து வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். ஈர மண் குளிர்ச்சியாக மேலே வந்து துணியின் இழைகளில் ஏறியது. எடுக்க மனம் வரவில்லை. சபீனா என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "பிஸ்மில்லாஹ்" என்றார். நான் முருகா என்றேன்.

வேலை முடிவதற்கும் நான் ஊருக்குத் திரும்பும் நாளுக்கும் சரியாக இருந்தது. எல்லாம் காய்ந்து, மேலே மெல்லிசாக வார்னிஷ் பூசி, பித்தளைத் தூள் வெயிலில் கண் சிமிட்டியபோது, கனிமொழியும் வசந்தாம்மாவும் பார்க்க வந்தார்கள். வசந்தாம்மா குனிந்து குனிந்து தேடினார்.

"நான் தொவைச்சது எதுவுமே தெரியலையே."

"எல்லாம் உள்ளதாம்மா இருக்கு" என்றார் சபீனா.

வசந்தாம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தார். டீச்சரும் உட்கார்ந்தார். மாமி கீழேயிருந்து ஏறி வந்து, சேற்றில் விளையாடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எல்லோருக்கும் இஞ்சி டீ கொடுத்துவிட்டுத் தானும் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "மழை விட்ட மறுநா வயலு மாதிரி இருக்குது" என்றார் வசந்தாம்மா. நான் அந்த வரியைத்தான் மேட்ரனுக்கு அனுப்பினேன், படத்துக்குப் பதிலாக.

பலகையைப் பழைய மெத்தையில் சுற்றி வேனில் ஏற்றும்போது சபீனா கீழே வரவில்லை. "கொண்டு போங்கக்கா. நின்னு பாத்தா நான் குடுக்க மாட்டேன்" என்று மாடியிலிருந்தே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமிதான் என் கையில் தம்ரூட் என்கிற ரவை இனிப்பு டப்பாவைத் திணித்து, தெருமுனை வரை நடந்து வந்தார்.

எங்கள் வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள், எதிரெதிராக. பலகையை நீளச் சுவரில் மாட்டினோம். மாட்டிய அன்று யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. குழு வந்து பார்த்தது, தலையாட்டியது, போனது. மறுநாள், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் என்னை அழைத்தார். அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது, தலைமாடு சுவர்ப் பக்கம். "சிஸ்டர், கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடுறீங்களா? அதைப் பாக்கணும்" என்றார். நானும் இன்னொரு தாதியும் சேர்ந்து திருப்பினோம். சொட்டு மருந்துக் கம்பியை இடம் மாற்றினோம். சற்று நேரத்தில் பக்கத்துக் கட்டில் சீன மூதாட்டி கையசைத்தார். அவருக்கும் திருப்ப வேண்டுமாம். மூலையில் இருந்த மலாய் ஆசிரியை வாய்விட்டுக் கேட்கவில்லை. தலையணையில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதையும் திருப்பினோம்.

சுற்றுக்கு வந்த டாக்டரம்மா ஒரு கட்டில் காலில் இடித்துக்கொண்டார். தரை துடைக்கும் பெண் எப்படித் துடைப்பது என்று முணுமுணுத்தாள். மேட்ரன் வாசலிலேயே நின்று வார்டை ஒரு முறை பார்த்தார், சுவரைப் பார்த்தார். நேராக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் கட்டில்கள் கோணலாகவே கிடந்தன.